முனிராஜ் கையில் என்ன கோளாறு?

போன மாதம் ஒரு புதன்கிழமை. முனிராஜின் வேலைக்கு இன்னும் மூன்றே நாள்தான் ஆயுள்.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஷாஃப்ட்களை, அதாவது இரும்புத் தண்டுகளை, அளந்து பாஸ் போடுவது என் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த முனிராஜ் தினமும் காலையில் மெஷினில் கடையும் முதல் ஐந்தாறு ஷாஃப்ட் மயிரிழை தடிமனாக வரும். ரிஜெக்ட்!

"அவன் கை சரியில்லம்மா. சனிக்கிழமை புரொபேஷன் முடியுது, அனுப்பிடலாம்" என்றார் சூப்பர்வைசர்.

என் தியரி வேறு: கோளாறு மெஷினில். மறுநாள் காலை ஆளை வேறு மெஷினுக்கு மாற்றினோம். அங்கேயும் ரிஜெக்ட்.

"பாத்தியா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். 'அதுவும் பழைய மெஷின் சார்' என்று வாய்வரை வந்தது... விழுங்கினேன்.

ஏன்? விஞ்ஞானத்தை ஆராயும் தத்துவக்காரர்கள் கேட்பது இதைத்தான்: எது நடந்தால் உன் தியரி தப்பு என்று ஒப்புக்கொள்வாய்? முன்கூட்டியே சொல். சாக்கு சொல்லிக்கொண்டே போனால் அது பிடிவாதம்.

முனிராஜிடம் போனேன். "ஜவளகிரியிலருந்து முதல் பஸ்ல வர்றேன் மேடம். மத்தவங்க மெஷினை ஓடவிட்டுட்டு டீக்குப் போவாங்க. நான் வந்ததும் வேலைதான். அப்பவும் ஏன் இப்படிக் கெட்டுப்போகுது?"

பொறி தட்டியது. ஓசூர்க் குளிரில் சில்லிட்ட மெஷின்! மற்றவர்கள் டீ குடித்து வருவதற்குள் அவர்கள் மெஷின் சூடேறி அளவு சரியாகிவிடும்; இவன் மெஷினுக்கு அந்த அவகாசமே இல்லை.

தாளில் எழுதினேன். ஒன்று: கோளாறு கையில் என்றால், சூடேறிய மெஷினிலும் முனிராஜ் கெடுப்பான். இரண்டு: குளிரில் என்றால், சில்லிட்ட மெஷினில் யாராக இருந்தாலும் கெடுப்பார்கள். சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, டீக்குப் போகவிடாமல் சீனியர் சலீம் பாயை முனிராஜின் சில்லிட்ட மெஷினில் நிறுத்தினோம்.

"டீ இல்லாம நானே ஸ்டார்ட் ஆக மாட்டேன், மெஷின் எங்கம்மா ஆவும்?"

பாயின் முதல் ஐந்தும் ரிஜெக்ட். அரை மணி கழித்து அதே மெஷினில் முனிராஜ் — அத்தனையும் பாஸ்.

சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டாரா? "இவன்கூட சேந்து சலீமும் கெட்டுட்டான்!"

கையெழுத்துப் போட்ட தாள் அவர் கண் முன்னேயே இருந்தது!

தத்துவக்காரர்களில் இன்னொரு கட்சி உண்டு. ஒரே அடியில் எந்தத் தியரியும் சாகாது, குடிபோக வேறு வீடு கிடைக்கும்வரை யாரும் பழையதைக் காலி செய்வதில்லை என்பார்கள். சரி, அவருக்கு ஒரு புது வீட்டைக் காட்டினேன். "காலைல கால் மணி நேரம் மெஷினைச் சும்மா ஓடவிடணும்னு நீங்களே ஆர்டர் போடுங்க சார்."

உடனே போட்டார். சனிக்கிழமை முனிராஜுக்கு வேலை நிரந்தரம்.

இப்போது அவனும் ஆர்டர்படி மெஷினை ஓடவிட்டுவிட்டு டீக்குப் போகிறான். சூப்பர்வைசரிடம் புதுத் தியரி தயார்:

"பெர்மனென்ட் ஆனதும் சோம்பேறி ஆயிட்டான், பாத்தியாம்மா?"