தொரை வம்சமும் என் கோட்டும்

எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் பேச்சு வரும். ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் விசைத்தறி போட்ட வீடு. தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். பள்ளியில் எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. உதட்டில் மட்டும் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

அம்மாவின் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். அக்காவை அவருக்குத்தான் கொடுப்பது என்று அவள் பிறந்தபோதே பேச்சு. கல்யாணத்துக்கு எனக்குக் கோட்டு தைத்துத் தருவதாக நைனா சொல்லியிருந்ததால், மாப்பிள்ளையைவிட நான்தான் அவசரத்தில் இருந்தேன். அக்காவுக்கோ திருப்பதியில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் என்றால் படிப்பு கிடையாது என்று நைனா சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேதி முடிவு செய்ய மாமா ஒரு கூடை அதிரசத்தோடு வந்தார். மதியம் கரண்ட் போனது.

"ஆபீசுல இன்னாதான் வேலை மச்சான்?" என்றார் நைனா.

"இங்கிலாந்துல ஒரு தொரை, பாவா. செத்து நானூறு வருசம் ஆவுது. அவுரு வம்சத்துக் காயிதமெல்லாம் படமா வரும். அதப் பாத்து கம்ப்யூட்டர்ல அடிச்சிக்கினு கீறேன்."

"செத்தவனுக்கு எவன் கூலி குடுக்கறான்?"

"அவுரு வம்சத்துல வந்தவங்கதான். இப்பவும் அரமன மாதிரி வூட்ல கீறாங்க."

தொரைக்கு இரண்டு பெண்டாட்டியாம். மூத்தவளுக்குச் சீர் என்ன வந்தது என்று அம்மா விசாரித்தாள். தொரையின் நிலத்தைத் தம்பி பிடுங்கிக்கொண்டான் என்றதும் நைனா தன் சொந்தத் தம்பியைத் திட்டத் தொடங்கினார். கரண்ட் வந்ததுதான் சித்தப்பாவைக் காப்பாற்றியது.

மறுநாள் காலை குழாயடியில் அக்கா எனக்கு முதுகு காட்டி மாமாவிடம் நெடுநேரம் பேசினாள். மாமாவின் உதடு மட்டும் தெரிந்தது: "நான் பாத்துக்கறேன்."

மதியம் மறுபடி கரண்ட் போனது.

"மீதிக் கதைய சொல்லலியே பாவா," என்றார் மாமா. "தொரை மூணாவதா அக்கா பொண்ணயே கட்டிக்கினாரு. அங்க அது பெத்த மவளக் கட்டற மாதிரி. மீதி நெலத்தயும் ராஜா புடுங்கிட்டாரு. வூடு எரிஞ்சி போச்சி. ஒரு புள்ளகூட தங்கல. வம்சமே பூண்டோட போச்சி."

நைனா அசையவில்லை. "அது வெள்ளக்காரன் மொற. நமக்கு அக்கா பொண்ணுன்னா மொத உரிம."

"தெரியுது பாவா. ஆனா அத அடிச்சதுலர்ந்து தொரை கெனவுல வந்து குந்திக்கினு கீறாரு."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வாணாம்பா. எவனோ செத்த தொரையோட பாவம் நம்ம வாசலுக்கு எதுக்கு? பொண்ணு படிக்கட்டும்."

என் கோட்டு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. எழுந்து நின்று கேட்டேன்: "வம்சமே பூண்டோட போச்சின்னா, உனுக்குக் கூலி குடுக்கறது யாரு மாமா?"

மாமா தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். நைனா மெல்லத் திரும்பி, "இன்னாடா சொன்ன?" என்றார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. அக்கா ஓடிப்போய் எல்லாத் தறியையும் போட்டாள். நைனா என் உதட்டையே பார்த்தார். நான் வாயைத் திறந்ததும் அக்கா முழு அதிரசத்தை உள்ளே திணித்தாள். அதிரசம் தின்கிற வாயைப் படிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவள் உதடு மட்டும் அசைந்தது: "வாய மூடு. கோட்டு நான் வாங்கித் தரேன்."

முதல் சம்பளத்தில் வாங்கியும் தந்தாள். இன்றும் மார்கழியில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் வாடகையைக் கேட்கவே பயப்படுகிறார்கள்.

ஆனால் அன்று அதிரசத்தை மென்றபடி வெட்கத்தோடு உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் நான் எதைக் கேட்டாலும் சார் வாயை மூடச் சொல்வார். இதுவும் அப்படி ஒரு மக்குக் கேள்வி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.