தறி ஓடாத நாளில் ஒரு படம்

காலை ஐந்தே முக்காலுக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய் ஐந்து பைசா. தூரம் நாற்பத்தேழு மைல் என்றார் கண்டக்டர். மடியில் ஒரு பை. பையில் ஒரு கடிதம், பூர்த்தி செய்ய ஒரு பாரம். கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான். அதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோயில் பார்க்கப் போனேன் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சென்னையில் ஓர் ஓவியச் சங்கத்தில் நான் குமாஸ்தா. ஓவியப் பள்ளியில் ஒரு வருஷம் படித்து, பணம் கட்ட முடியாமல் டைப்பிங் கற்றுக்கொண்டு பிழைக்க வந்தவன். சங்கம் வருஷத்துக்கு ஒரு கண்காட்சி நடத்தும். இந்த முறை காஞ்சிபுரத்திலிருந்து ஒரு படத்தின் போட்டோவும் விவரமும் வந்திருந்தன. அனுப்பியவர் கோமதி. பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் மேலே படித்தவர், திருநெல்வேலிக்காரர். பதினாலு மாதத்துக்கு முன்பு ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்து காஞ்சிபுரம் போனார். இதற்கு முந்தைய இரண்டு வருஷமும் படம் அனுப்பினார், இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை கமிட்டி சொன்னது: படம் நன்று. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் பட்டு நூலையும் அட்டைத் துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஓவியப் பிரிவில் இடம். எடுக்காவிட்டால் கைத்தொழில் பிரிவில், கூடைக்கும் பாய்க்கும் நடுவில். பாரத்தில் இரண்டு கட்டம். ஏதாவது ஒன்றில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அன்றே படத்தோடு நான் திரும்ப வேண்டும். மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் அச்சுக்குப் போகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. காபி பதினைந்து பைசா. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் இருபுறமும் ஏரிகள். தை மாசத்துத் தண்ணீர் இன்னும் மிச்சமிருந்தது. எட்டே காலுக்குக் காஞ்சிபுரம்.

பஸ் நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு இரண்டு மைல். ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டு முக்காலுக்கு இறங்கி வந்தார்.

"தறி எல்லாம் பாக்கணும்" என்றேன் அவரிடம், சும்மா பேச்சுக்கு.

"நல்ல நாளாப் பாத்து வந்தே சார். இன்னிக்கு அமாவாசை. ஒரு தறி ஓடாது. குருதைக்கு மட்டுந்தான் லீவு கிடையாது" என்று குதிரையின் முதுகில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இருக்காது என்று நாள் பார்த்து வந்தவன் நான். அமாவாசையைப் பார்க்கவில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் மதிலை ஒட்டித் திரும்பி இரண்டு தெரு உள்ளே போனால், அந்தத் தெரு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. காலையில் பாவு நூலை நீளவாக்கில் நீட்டுவதற்காகத் தெரு நெடுக நட்டிருக்கும் கழிகள் வெறுமனே நின்றன. ஆண்கள் குளித்துத் தலை துவட்டாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மணி ஒன்பது. கோமதி அக்கா ஒரு வீட்டின் பாதியில் குடியிருந்தார். வாடகை பதினெட்டு ரூபாய். மறு பாதியில் தணிகாசலம், அவர் மனைவி சரோஜா, இரண்டு குழித்தறி. நடுவில் ஒரே சுவர்.

"வா முருகேசா. ஆளு வத்தலாப் போயிட்டியே. சங்கத்துல சோறு போட மாட்டாங்களா?" என்றார். விரல்களில் சாயம், வலது கையில் அரக்கு, இடது கையில் நீலம்.

அவர் வேலை செய்யும் விதத்தை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். படம் வரையும் துணி காடா. அதன்மேல் சுண்ணாம்பும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பூசுகிறார். வண்ணத்தில் பாதி கடையில் வாங்கியது, பாதி சாயக்காரர் தொட்டியடியில் மிஞ்சிய வண்டல். தறியில் பூ வேலைக்கு ஓட்டை போட்ட அட்டைகள் உண்டு. தேய்ந்துபோனதை எறிந்துவிடுவார்கள். அதை வெட்டி ஒட்டுகிறார். கழிவுப் பட்டு நூலும் ஒட்டுகிறார். வந்த புதிதில் அரிசிக் கஞ்சியில் ஒட்டினாராம். ஒரு படம் முழுவதையும் கரப்பான் தின்றுவிட்டது. "மயில்துத்தம் கலக்காம எவளாவது பசை காய்ச்சுவாளா?" என்று சரோஜா கேட்ட பிறகுதான் நிலைத்தது.

இன்னொன்று. படத்தை அந்த நடுச் சுவரில்தான் சாய்த்து வைப்பார். காலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தறி அடிக்க ஆரம்பித்தால் சுவர் அதிரும். ஈர வண்ணம் அந்த அதிர்வில் தானாக நடுங்கி ஒழுகும். அந்த ஒழுகலை அவர் துடைப்பதில்லை. "பட்டணத்துல சுவரு சும்மா நிக்கும். இங்க சுவருக்கும் கை இருக்கு" என்றார்.

கண்காட்சிக்கான அந்தப் படம் ஆறடிக்கு நாலடி. பாலாறு. முக்கால்வாசி மணல்: மஞ்சளும் சாம்பலுமாக, அட்டை ஓட்டைகளில் வெள்ளை எட்டிப் பார்க்கும் மணல். ஓரமாக ஒரே ஒரு கோடு தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் நீலப் பட்டு நூல். கமிட்டி சொல்கிறபடி செய்தால் பாலாற்றில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் போய்விடும்.

கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்து, படத்தருகே போய், தண்ணீரின் ஒரு முனையை நகத்தால் நெம்பினார். நூல் ஒரு சாண் நீளத்துக்குப் பசையோடு உரிந்து வந்தது.

"அக்கா, வேண்டாம்!"

"டைப் அடிக்கும்போது வேண்டாம்னு தோணலயா ஒனக்கு?"

 வெட்கத்தோடு சொல்கிறேன், நான் இப்படிச் சொன்னேன்: "இந்த ஒரு தடவை எடுத்துடலாம்க்கா. உள்ள போய் ஒரு பேர் வந்துட்டா, அப்புறம் உங்க இஷ்டப்படி பண்ணலாம்."

"அப்புறம்னா எப்போ? ஹாஸ்டல்ல இருந்தப்ப வாத்தியாருக்குப் பிடிச்ச மாதிரி வரைஞ்சேன். ரெண்டு வருஷமும் பரிசு. அந்தப் படம் ஒண்ணாவது எங்கிட்ட இருக்கா? எங்க போச்சுன்னு தேடினதுகூட இல்ல. இது அப்படியில்லடே. இதுல இருந்து நான் ஒரு இழை எடுக்க மாட்டேன்."

ஆனால் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்க மாட்டேன் என்று சொன்ன வாய்க்கும், சுலபமாக உரிந்து வந்த நூலுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அப்போது சரோஜா வந்தார். பகல் சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட வந்தவர், உரிந்த நூலைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஆறு கழண்டுக்கினு வருது?"

"எடுக்கச் சொல்றாங்க, பட்டணத்துல."

"எடுக்கத்தான் சொல்வாங்க. மேல ஒட்டிக்கினு இருந்தா யார் வேணா எடுப்பாங்க. எங்க ஊட்ல சேலைக்குக் கரையை இந்த மாதிரி வெச்சா முதலாளி மூஞ்சியிலயே அடிப்பாரு."

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும்போது இரண்டுக்கும் தனித்தனி நாடா, அதாவது ஊடை என்கிற குறுக்கு இழையை ஓட்டும் கட்டை. சேரும் இடத்தில் இந்த ஊடை இழையும் அந்த ஊடை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். அதற்குக் கோர்வை என்று பெயர். சேலை நைந்தாலும் கரை பிரியாது. இதைச் சரோஜா இரண்டு ஆள்காட்டி விரல்களை மாட்டி எனக்குக் காட்டினார்.

கோமதி அக்கா அந்த விரல்களைப் பார்த்தார். "முழுசும் பிரிச்சுக் கோக்கணும்" என்றார். "துணிக்குள்ள விட்டு, மறு பக்கம் எடுத்து, வண்ணத்துக்கு மேலயும் கீழயும். அப்புறம் எடுக்கச் சொல்லட்டும் பாப்போம். சரோஜா, ஒங்க வீட்டுக்காரரு வருவாரா?"

பகல் பன்னிரண்டரை. காக்கைக்கு வைத்த பிறகுதான் எங்களுக்கு இலை போட்டார்கள். வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். தணிகாசலத்துக்கு முப்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டு வடையைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு இழை தொட மாட்டோம் டீச்சரம்மா. நாளைக்குக் காலைல நாலு பேரா உக்காந்து முடிச்சிடலாம்."

"நாளைக்கு மத்தியானம் பட்டியல் போயிரும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? அமாவாசைல எங்க ஊட்ல யாரும் தறியில கால் வெச்சதில்ல."

"இந்தா, இது தறியா?" என்றார் சரோஜா.

"நூல் இருக்குது. கோர்வை கேக்குறாங்க. பின்ன இன்னா இது?"

வாக்குவாதம் வாசலுக்கு வந்தது. படமும் வந்தது. நானும் தணிகாசலமும் தூக்கி வந்து பாவுக் கழி இரண்டில் சாய்த்து நிறுத்தினோம். வேலையில்லாத தெரு, பத்து நிமிஷத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். சென்னையில் எங்கள் கண்காட்சிக்கு முதல் நாள் அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு முனுசாமி என்று ஒருவர், வாய்க்காரர், படத்தைச் சுற்றி வந்தார். "மிதி எங்கப்பா? அச்சு எங்க? நாடா எங்க? தறின்றான் தணிகாசலம். டேய், இத்தக் கட்டிக்க முடியுமா?"

"முடியாது" என்றது கூட்டம்.

"முதலாளி எடை போட்டு எடுத்துக்குவாரா?"

"உதைப்பாரு."

சிரிப்பு. தணிகாசலம் சிரிக்கவில்லை. படத்துக்கு முன் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"செவிலிமேட்டாண்ட ஆறு இது" என்றார். "ஐப்பசி முடிஞ்சி இப்படித்தான் ஓரமா ஓடும். எங்கப்பா கூடப் போயி இந்த எடத்துலதான் குளிப்போம்." எழுந்து முனுசாமியைப் பார்த்தார். "படம்தான்பா."

"படம்தான்" என்றார் முனுசாமி. இன்னும் நாலு பேர் சொன்னார்கள். ஒரு அம்மாள் மட்டும், "தண்ணி இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்" என்றார்.

"படம்னா தொடலாம்." தணிகாசலம் கை கழுவிக்கொண்டு வந்தார்.

ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தார்கள். சட்டத்தை இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்க வைத்து, குழித்தறியில் இறங்குகிறவர் மாதிரி தணிகாசலம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே சரோஜாவும் கோமதி அக்காவும். கோணி ஊசியால் ஓட்டை. மேலிருந்து கீழே நூல். அவர் கீழே அதை முந்தைய இழையில் மாட்டி மேலே அனுப்புவார். நான் பழைய நூலைப் பிரித்து, பசையை வெந்நீரில் கழுவிக் கொடுத்தேன். அட்டைகளையும் விடவில்லை, ஓட்டை இருந்த இடமெல்லாம் நூல் நுழைந்து வெளியே வந்தது.

"யாருப்பா கீழ, இழு!"

"இழுத்துக்கினுதான் இருக்கேன். மூக்குல ஊசி குத்துது!"

கோத்த இடத்துக்கு மேலே கோமதி அக்கா உடனுக்குடன் மணல் நிறத்தைப் பூசி வந்தார். சில இடங்களில் தண்ணீர் மணலுக்குள் போய் நாலு விரல் தள்ளி வெளியே வந்தது. காலையில் இருந்த படத்தை விட இது நல்ல படம். இதை எந்தக் கமிட்டியிலும் சொல்வேன். அன்று சுவர் அதிரவில்லை. ஆறு கைகள் அதிர்ந்தன.

ஐந்து மணிக்கு வெயிலில் காய வைத்தோம். பாரத்தின் இரண்டு கட்டத்திலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. பின்பக்கம் எழுதினார்: "எதையும் எடுக்க முடியாது. இழுத்துப் பார்க்கலாம்." கீழே பெயர்.

ஆறேகால் பஸ். படத்தைப் பழைய சேலையில் சுற்றி மேலே கட்டினோம். சுமைக்கு எழுபத்தைந்து பைசா டிக்கெட் கிழித்த கண்டக்டர், "இன்னா சார், தறிச் சாமானா?" என்றார்.

"படம்" என்றேன். வழி நெடுக அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சூளையில் அப்பா செங்கல் அறுக்கிறார். கல் அவர் கைவேலை. கல்லில் இருக்கும் முத்திரை சூளை முதலாளியின் எழுத்து. அந்த எழுத்தை எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படித்து என்ன செய்தேன்? அடுத்தவர் சொன்ன பெயரைப் பிழையில்லாமல் டைப் அடித்தேன். காஞ்சிபுரத்தில் அன்று பொருளுக்குப் பெயர் வைத்தவர்கள் அதைத் தொடப்போகிறவர்கள்.

திங்கட்கிழமை சங்கத்துக் காரியதரிசி படத்தைப் பார்த்ததும், "எடுக்கலையா?" என்று நூலைப் பிடித்து இழுத்தார். இழுத்தது இந்தக் கரையில். அந்தக் கரையில் துணி சுருங்கியது. கையை விட்டுவிட்டார். "கமிட்டியைக் கேட்கிறேன்" என்று உள்ளே போனார். பதினொன்றரை வரை பதில் வரவில்லை, நானே பட்டியலை டைப் அடித்தேன். பிரிவு: ஓவியம். பன்னிரண்டுக்கு அச்சகத்துப் பையன் வாங்கிப் போனான்.

அச்சானதை மாற்ற முடியாது. படம் மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் குறைவான சுவரில் தொங்கியது. தொங்கியது ஓவியங்களோடு.

எனக்கு மெமோ வந்தது: எந்த ஆதாரத்தின் பேரில் ஓவியம் என்று குறித்தீர் என்று எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். டைப் அடிக்காமல் என் கையால் எழுதிக் கொடுத்தேன்:

"ஐயா, காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி தொடமாட்டார்கள். இதைத் தொட்டார்கள்."