ஹீட்டரை அணைக்கச் சொல்லும் புருல்கான்

புருல்கான் என்ற பெயரைக் காலிச்சா முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவாகத்தான். நாரின் டவுனிலிருந்து வெறுங்கையோடு வந்த அவள் கணவன் சாதிர், பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

"புருல்கானாம், பெரிய புருல்கான்! ஃப்ரிட்ஜ் நிறைய ஊசிய வச்சுக்கிட்டு, உங்க கையில தரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. மருந்துக்கடைக்காரியா, எல்லைக்காவல்காரியா?"

காலிச்சா போர்வைக்குள் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மார்பில் புற்று. தலைநகர் பிஷ்கெக்கில் மூன்று தடவை மருந்து ஏற்றியாயிற்று. மூன்றாவதற்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்துபோயின. தினம் ஒன்றாக ஐந்து நாள் இந்த ஊசியைப் போட்டால் ஏறிவிடும், குளிரிலேயே வைத்திருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மருந்துக்கடைகள் வரிசையாக இருந்தன. அதே ஊசி, ரஷ்யாவில் செய்தது, இந்தியாவில் செய்தது, ஈரானில் செய்தது என்று வகைவகையாகக் காட்டினார்கள். சாதிர் இரண்டு ஆடு விற்று ஜெர்மனிக்காரனுடையதையே வாங்கினான். மனைவி விஷயத்தில் அவன் கஞ்சன் இல்லை.

ஐந்தும் போட்ட பிறகு பார்த்தால் அணுக்கள் இன்னும் இறங்கியிருந்தன. இன்னொரு ஐந்து ஊசி வாங்கிப் போடுங்கள், வருகிற செவ்வாய்க்குள் ஏறாவிட்டால் நான்காவது மருந்து தள்ளிப்போகும், இந்த நேரத்தில் தள்ளிப்போவது நல்லதில்லை என்று டாக்டர் ஃபோனில் சொல்லிவிட்டார். அன்று புதன்கிழமை.

"அப்படி என்னதான் கேட்டா?" என்றாள் காலிச்சா.

"பழைய ஊசிய எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டா. கறியோடன்னேன். அவ்வளவுதான், கதவச் சாத்தாத குறை."

அவர்கள் ஊரான அட்-பாஷியில் ஜனவரி மாதம் எல்லார் வீட்டு வெளிக்கொட்டகையிலும் குளிர்காலத்துக்கு வெட்டிய குதிரைக்கறி தொங்கும். கல்லாக உறைந்து வசந்தம் வரை கெடாமல் கிடக்கும். டாக்டர் சொன்ன குளிர் இதைவிட எங்கே கிடைக்கும் என்று சாதிர் ஊசிகளைத் துணிப்பையில் போட்டு, விலாவுக்கும் தொடைக்கும் நடுவே கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஊசி போட உள்ளூர் நர்ஸ் வருவதற்கு முன்பே ஒன்றை எடுத்து அடுப்பருகே உருக்கி வைத்துவிடுவான்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க குட்டையான பெண் ஒருத்தி, கழுத்தில் கனத்த கம்பளிப் பையோடு நின்றாள். சாதிருக்கு அடையாளம் தெரிந்தது. கோபம் இருந்தாலும் வாசலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

"யார் வீட்டுப் பொண்ணு நீ?"

"காரா-கோயூன் ஊரு இசாபெக் மக. அம்மா தோக்தோபூபூ, சூயும்பாய் வீட்டுல பொறந்தவ."

"சூயும்பாயா? அவர் எங்க தாத்தாவோட சித்தப்பா மகனாச்சே!"

"அப்படின்னா நீங்க எங்கம்மா வழி, எனக்கு மாமா முறை. அதான் நேத்து அவ்வளவு மரியாதையாத் திட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள்.

கம்பளியை இரண்டடுக்காக வைத்துத் தைத்த பை அது. உள்ளே ஐஸ் கட்டி ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், நடுவே மடித்த துண்டு. மேலே சின்ன வெப்பமானி. "நாலு டிகிரி. பாருங்க மாமா. ரெண்டுக்குக் கீழ போய் உறையவும் கூடாது, எட்டுக்கு மேலயும் போகக்கூடாது."

சாதிர் ஊசிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இந்தியாவுல செஞ்சதுன்னுல்ல போட்டிருக்கு?"

"ஆமா. ஜெர்மனிக்காரன் ஊசியத்தான் நீங்க குதிரை விலாவுல கட்டிக் கொன்னுட்டீங்களே. இது உயிரோட இருக்கு."

காலிச்சாவுக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் வராத சிரிப்பு. புருல்கான் முன்பு நர்ஸாக இருந்தவள். கையைக் கழுவி, ஊசி போட்டது தெரியாமல் போட்டு முடித்தாள்.

"இதுக்குன்னு நீயே வரணுமா தங்கச்சி?" என்றாள் காலிச்சா. "கரண்ட் இருக்கறப்ப ஃப்ரிட்ஜுல வச்சுக்க மாட்டோமா?"

"உங்க ஊர்ல கரண்ட் எப்ப இருக்கும்னு கரண்டுக்கே தெரியாது." பையை மூடிக்கொண்டே சொன்னாள். "கடை தொடங்கின வருஷம் ஊசிய நானே பிஷ்கெக்லருந்து காருல கொண்டுவந்தேன் அக்கா. டோலோன் கணவாய்ல குளிர் தாங்கல. காலடியில ஹீட்டர் சூடு அடிச்சுக்கிட்டிருந்தது, பையும் அங்கதான் கிடந்துச்சு. அந்த ஊசி போட்டுக்கிட்ட அம்மாவுக்கு அணு ஏறவே இல்ல. அந்தம்மாவ நான் மறக்கல. அதுக்கப்புறம் என் கழுத்தவிட்டு இந்தப் பை இறங்கல."

வெள்ளிக்கிழமையும் வந்தாள். சனிக்கிழமை பனி கொட்டிச் சாலை மூடிவிட்டது. மத்தியானம் வரை ஒரு வண்டி வரவில்லை. காலிச்சா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விட்டுப்போனால் செவ்வாய்க்குள் ஏறுமா? இரண்டு மணிக்குப் பனி தள்ளும் டிராக்டர் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது. மீசையெல்லாம் வெள்ளையாக உறைந்த டிரைவர் முதலில் இறங்கினான்.

"எப்பா! மருந்துக்குக் குளிர் வேணும், சரி. எனக்குமா வேணும்? வழி பூரா ஹீட்டரப் போட விடலியே இந்தம்மா!"

"உன் மீச உருகும். என் ஊசி கெட்டா யார் பதில் சொல்றது?" என்று பின்னாலேயே இறங்கினாள் புருல்கான். சாதிர் ஓடிப்போய்க் கைகொடுத்தான். அன்று அவளுக்கும் டிரைவருக்கும் கறி வேகவைத்து, விருந்தில் பெரியவர்களுக்கு வைக்கும் எலும்பை அவள் தட்டில் வைத்தான். வயதில் சின்னவளுக்கு அவன் அப்படி வைத்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறும் திங்களும் மீதி இரண்டு ஊசியும் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை நாரின் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் ஏறியிருந்தன. தாளில் இருந்த எண்ணை சாதிர் டாக்டரிடம் ஃபோனில் இரண்டு முறை படித்தான். நான்காவது மருந்து சொன்ன தேதியில் ஏறியது, பிறகு ஐந்தும் ஆறும்.

இப்போது கல்யாண வீடுகளில் யாராவது மருந்துப் பேச்சை எடுத்தால் சாதிர் முந்திக்கொள்கிறான். "நாரின் புருல்கானத்தானே சொல்றீங்க? எங்க வீட்டுப் பொண்ணு. சூயும்பாய் பேத்தி. என்னையே திட்டினவ!" காலிச்சா பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுகிறாள். தலைமுடி தோள்வரை வளர்ந்துவிட்டது.

இன்று புதன்கிழமை. பிஷ்கெக்கிலிருந்து ஊசி வரும் நாள். புருல்கான் டோலோன் கணவாயில், ஹீட்டர் அணைத்த காரில், கழுத்தில் மாட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள்.