அய்யனாரைத் தேடி ஒரு வாடகைக் காரில்

தஞ்சாவூரில் நாங்கள் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. நாங்கள் என்றால் நான், என் கணவர் சுந்தரம், மூன்று வயது மகன் முரளி. முரளியின் முடி தோளுக்குக் கீழே தொங்கியது. எதிர் இருக்கை அம்மாள் அவனைப் பெண் என்று நினைத்து, இறங்கும்போது பூ வைத்துவிட்டாள்.

முதல் முடி குலதெய்வத்துக்குத்தான், அதுவரை கத்தரி படக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. இந்தக் கோடையில் பிள்ளையின் தலை முழுக்கக் கொப்புளம். சொறிந்து சொறிந்து அழுகிறான். சேலத்தில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். ஆனால் அந்தக் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது! சிறுவயதிலேயே ஊரை விட்டு வந்த மாமனார், ஊர்ப் பெயரோடு ஒரே ஒரு அடையாளத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்: "நம்ம வயலுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில அய்யனார்."

ஸ்டேஷன் வாசலில் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் என்று காரைப் பேசினோம். டிரைவர் ஜமால் பாய் நிதானமான மனிதர். வந்ததே வந்தோம் என்று முதலில் பெரிய கோயிலுக்குப் போனோம். விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்த ஊர் நிலம் கோயிலுக்கு வந்தது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சங்கதிக்கே ஆதாரம் கிடையாது.

திருவையாற்றில் வெறும் மணலாகக் கிடந்தது காவிரி. ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் ஓர் இடத்தில் நின்று கூப்பிட்டால் குரல் பலமுறை திரும்பி வருகிறது. முரளிக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை. குருக்களிடம் எங்கள் அய்யனாரைப் பற்றிக் கேட்டோம். "ஊருக்கு நாலு அய்யனார் இருக்காரே, எந்த அய்யனார்னு சொல்லுங்கோ" என்றார். அதுதானே எங்களுக்கும் தெரியவில்லை.

திருக்காட்டுப்பள்ளியில் அக்னீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மொட்டை அடிக்க ஒரு நாவிதரையும் காரில் ஏற்றிக்கொண்டோம். அங்கிருந்து நாலைந்து மைலில் எங்கள் ஊர். பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஊர் முகப்பில் ஒரு கம்பத்தில் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொன்றில் செங்கொடி. சுவரில் 'உழுபவனுக்கே நிலம்' என்று ஆளுயர எழுத்து.

டீக்கடையில் என் கணவர் இறங்கி, தாத்தா பெயரைச் சொல்லி, "அவரோட வயல் எங்க இருக்கு?" என்று கேட்டார். கடையில் அத்தனை பேரும் அவருடைய வேட்டியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"வயலா? இங்க அப்படி ஏதும் இல்லீங்களே" என்றார் கடைக்காரர். சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான்.

அடுத்தவர் கைகாட்டிய இடத்தில் இருந்தது மாரியம்மன். அதற்கடுத்தவர் காட்டியது அய்யனார்தான். ஆனால் அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள், "இது எங்க பங்காளிங்க கோயிலுங்க" என்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். உச்சி வெயில். "சாமியை முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார் நாவிதர்.

ஜமால் பாய்க்கே பொறுக்கவில்லை. "சார், வெள்ளை வேட்டியும் காருமா வந்து எங்க வயல் எங்கன்னு கேட்டா யாரு சொல்லுவாங்க? உழறவன் பேரைப் பதியணும்னு சட்டம் வந்திருக்கு. பேரு ஏறுறதுக்குள்ள பழைய சொந்தக்காரங்க வெளியேத்திடுவாங்கன்னு அவங்களுக்கு பயம். போன அறுப்புல இங்க அடிதடியே நடந்துச்சு."

"நான் சாமியைத்தானே தேடறேன்!"

"அப்ப சாமியைக் கேளுங்க. வயலை ஏன் கேக்கறீங்க?" என்றேன் நான்.

"வயலுக்குத் தெற்கேன்னுதானே அப்பா சொன்னாரு?"

இந்த மனிதரோடு பேசி ஜெயிக்க முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நானே நடந்தேன். வறண்ட வாய்க்காலில் ஒரு பெண் மண்வெட்டியால் தூர் வாரிக்கொண்டிருந்தாள். செல்லம்மா என்று பெயர் சொன்னாள். முரளியின் தலையைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"ஐயையோ, ஏங்க இப்படி விட்டு வச்சிருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"கோயிலை நான் காட்டறேங்க. ஆனா உங்க வீட்டுக்காரரு நிலத்தைக் கேட்டு வரமாட்டேன்னு அய்யனாரு முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணணும். எங்க மாமனார் காலத்துலேருந்து நாங்கதான் உழறோம்."

நான் சம்மதித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார் பக்கம் குரல் கொடுத்து அவரையும் நாவிதரையும் வரச் சொன்னேன்.

புதருக்குள் ஒரு சுதை அய்யனார், மூக்கு உடைந்து உட்கார்ந்திருந்தார். வடக்கே பயறு பிடுங்கிய வயல். "அதாங்க" என்றாள் செல்லம்மா. என் கணவர் அய்யனாரைப் பார்க்கவில்லை. வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்தது. அவர் கை நீளவில்லை.

"இதுல நான் மட்டும் எப்படி... அண்ணன் தம்பின்னு..." என்று இழுத்தார்.

அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. காலையில் நிலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர்! எனக்கு மானமே போய்விட்டது. செல்லம்மா என்னைத்தான் பார்த்தாள். முரளி சொறிந்து, காதோரம் ரத்தம் வழிந்தது.

"அடிங்க" என்றேன். நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். கேட்டு வரமாட்டேன் என்றும் சொன்னார், வாய்க்குள்ளேயே. செல்லம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். மொட்டை முடிந்தது. சந்தனம் பட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

தஞ்சாவூர் திரும்பும் வழியில் முரளி என் மடியில் அசந்து தூங்கினான். அவள் எங்கள் அய்யனாரைத்தான் காட்டினாளா, சத்தியம் வாங்க ஏதோ ஓர் அய்யனாரைக் காட்டினாளா? அந்த வயல் எங்களுடையதுதானா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது.

"ஏங்க, அது நிஜமாவே நம்ம சாமிதானா?" என்று கேட்டேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த நிலம் எத்தனை மா இருக்கும்?" என்றார்.