அர்ச்சுனனின் வீட்டு பஸ்ஸும் மாட்டுச் சங்கிலியும்

ஈப்போவின் குனோங் ராபாட் பக்கத்து அர்ச்சுனனுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: பாரிட் புந்தாரில் மச்சான் ஐயாவு வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் அவருக்கென்று விரிக்கப்படும் பாய். ஒரு மூலை கிழிந்தது. ஐயாவு, மனைவி வீரம்மாவின் அண்ணன். அரிசி ஆலையில் கணக்கெழுதும் கிராணி. தங்கை புருஷனுக்குச் சோறு போடுவதில் குறை வைத்ததே இல்லை. கட்டில் மட்டும் கொடுத்ததில்லை.

“உள்ள புழுக்கமா இருக்கும் மாப்ள. இங்கன்னா காத்தோட்டமா இருக்கும்லா” என்பார். வயல்வெளிக் கொசுக்களின் கருத்தும் அதுவே.

அர்ச்சுனன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் மாட்டை விற்றுவிட்டு ஈப்போவுக்கு வந்தது. மாட்டைக் கொடுத்தாலும் கட்டின சங்கிலியைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்பது வழக்கம். ஆகவே சங்கிலி, மணியோடு, வரிசை வீட்டின் குசினியில், அடுப்புக்கு மேல் சுவரில் தொங்கியது. லட்சுமியும் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்; அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பஸ் கம்பெனிப் பட்டறையில் அவருக்கு ஃபிட்டர் வேலை. எழுபத்தெட்டில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் தூக்கிப்போட்ட பத்திரிகைக் கட்டில் ஒரு படம் கிடைத்தது. பஸ் அளவு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி. பின்னால் ஒரு சின்ன கார், உள்ளே ஓட்டுகிறவன் இல்லாமல், தன் நாலு சக்கரத்தில் தானே உருண்டு வருகிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் காரைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றலாம். அர்ச்சுனன் ஊரைப் பற்றி யோசிக்கவில்லை. கட்டிலைப் பார்த்தார்.

மூன்று வருஷப் பாடு. கழித்துக் கட்டிய பஸ் ஒன்று வீடாயிற்று. ஸ்பிரிங் கட்டில் ஏறியது. ஐயாவு மகளின் கல்யாணம் குறித்த அன்றே, “இந்தத் தடவ நம்ம கட்டில்ல நம்ம படுக்கிறோம்” என்று அறிவித்தார். பாரிட் புந்தாரில் கோயிலுக்குப் போகும் வயல் பாதையில் பஸ் நுழையாது என்பதால், பின்னால் பழைய மோரிஸ் மைனரும் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

இழுப்பதற்கு வேண்டிய சாமான்களை அவர் நன்றாகவே அறிவார். காரின் சட்டத்தில் முடுக்க ஓர் இரும்புத் தகடு. அதிலிருந்து பஸ்ஸின் கொக்கி வரை, இரண்டு கால் விரித்த இழுவைக் கம்பி. கம்பியைக் கொக்கியில் பூட்ட ஒரு முளை. முளை எகிறாமலிருக்க அதன் துளையில் ஓர் ஊசி. பஸ்ஸில் பிரேக் பிடித்தால் காரின் பின்விளக்கும் எரிய ஒயர். எல்லாம் கைவிட்டால் தாங்க ஒரு சங்கிலி. இத்தனையும் படித்தவர், பார்வைக்கு எது அழகோ அதை மட்டும் நம்பினார். கம்பியையும் முளையையும் ஜெலாப்பாங் பட்டறை ஒன்றில் கொடுத்து குரோம் முலாம் பூசி வாங்கினார். முலாமில் ஊசித் துளை அடைந்துபோயிற்று. மறுபடி துளைத்தால் பளபளப்பு கெடும். ஊசியை விட்டுவிட்டார்.

“சங்கிலி?” என்றாள் வீரம்மா. அந்தப் படத்தை அவளும் பார்த்திருந்தாள்.

“மோரிஸ் காடியச் சங்கிலியில கட்டி இழுத்துட்டுப் போனா உங்கண்ணன் என்னா சொல்வாரு? நாயி மாதிரி இருக்கும்.”

“அவுத்துவிட்ட மாட்டக்கூட நம்பலாம். நீங்க பூட்டுனத நம்ப முடியாது.”

கிளம்பும் காலையில் அவர் மீசை வாரிக்கொண்டிருந்த நேரம், அவள் மாட்டுச் சங்கிலியை எடுத்துப் போய் காரின் சட்டத்துக்கும் பஸ்ஸின் கொக்கிக்கும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். மணி கழலவில்லை; பம்பருக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள்.

பகான் செராய் தாண்டி ரயில் கேட்டில் பஸ் ஒரு குதி குதித்தது. பளபளத்த முளையும் குதித்தது. அது மட்டும் கீழே வந்து தன் இடத்தில் உட்காரவில்லை. சங்கிலி விறைத்துக் காரைப் பிடித்துக்கொண்டது. மணி விடுபட்டுக் கணகணவென்று அடிக்கத் தொடங்கியது.

“மாட்ட ரோட்டுல விட்டவன் எவன்லா?” என்று அர்ச்சுனன் தலையை வெளியே நீட்டிச் சத்தம் போட்டார். மாடு தென்படவில்லை. ஹார்ன் அடித்தார். மணி நிற்கவில்லை. கண்ணில் படாத அந்த மாட்டை பாரிட் புந்தார் வரை திட்டிக்கொண்டே போனார். வீரம்மா வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணப் பந்தல் முன்னால் பஸ் நின்றது. கார் நிற்கவில்லை, ஆடி அசைந்து வந்து பஸ்ஸின் பின்புறத்தை முட்டியது. விலகியது. இன்னொரு தரம் முட்டியது. பந்தலே எழுந்து வந்து பார்த்தது.

“வாங்க மாப்ள!” என்றார் ஐயாவு. “கன்னுக்குட்டியையும் ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க போல. பசிக்குது பாருங்க அதுக்கு.”

அர்ச்சுனன் இறங்கிக் குனிந்து, முளை இருந்த இடத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“நாயி மாதிரி இல்லீங்க” என்றாள் வீரம்மா. “மாடு மாதிரிதான் இருக்கு.”

சிரிப்பு ஓய்ந்தபோது கல்யாண மாப்பிள்ளையின் அப்பா பஸ்ஸுக்குள் ஏறியிருந்தார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார். “யாரு வூடு இது?”

“நம்ம மாப்ளயோடதுதான். ஈப்போவுல பெரிய ஃபிட்டரு” என்றார் ஐயாவு. ‘பெரிய’ என்ற சொல்லை அவர் அர்ச்சுனனுக்குச் செலவழித்தது அதுவே முதல் தடவை. “சம்பந்தி, நீங்க இதுலயே படுத்துக்குங்க. மாப்ள ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என்னா மாப்ள?”

அர்ச்சுனனின் தலை தானாக ஆடியது. “தாராளமா படுங்க. ஸ்பிரிங்கு கட்டிலு, நல்லாத் தூக்கம் வரும்” என்று விளக்கு சுவிட்சு வரை காட்டிக்கொடுத்தார்.

சாப்பாடு முடிந்ததும் அஞ்சடியில் பாய் விரிந்தது. கிழிந்த மூலையை இந்தத் தடவை கால் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அர்ச்சுனன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு படுத்தார்.