தளத்துக்கு ஒரு லாரி நல்ல தண்ணீர்

வீடு கட்டப்போகிறோம், ஏதாவது யோசனை சொல் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்கிறேன். எந்தத் தண்ணீரில் சிமென்ட் குழைக்கப்போகிறார்களோ, அந்தத் தண்ணீர். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதில்லை. வாசலில் எத்தனை தூண், தூணுக்குமேல் சிங்கமுகமா தாமரையா என்று கேட்டிருந்தால் மறுநாளே படத்தோடு வந்து நின்றிருப்பார்கள்.

திருப்பூரில் தண்ணீர் இரண்டு வகை. துணிக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று. துணிக்கான தண்ணீர் குண்டடம், பல்லடம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரியில் வரும். சாயம் சீராக ஏற வேண்டும், வெளிர் நிறங்கள் திட்டுத்திட்டாகாமல் வர வேண்டும் என்பதால் அதற்கு மரியாதை அதிகம். மனிதர்களுக்கானது, சாயப்பட்டறைகள் துணியை அலசி வெளியே விட்டது போக பூமிக்குள் மிஞ்சிக் கிடப்பது. இரண்டையும் ஒரே ஊர்க்காரர்கள்தான் பார்க்கிறார்கள், ஒரே நாக்கால்தான் ருசிக்கிறார்கள். ஆனாலும் வீடு கட்டும்போது இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவும் ஒரு பாயும் கூட்டாகச் சாயப்பட்டறை நடத்தினார்கள். பாலிடெக்னிக்கில் துணிப் பதனிடுதல் டிப்ளமா முடித்துவிட்டு நான் அங்கே லேபில் இருந்தேன். லேப் என்றால் ஒரு மேசை, ஒரு தராசு, நாலைந்து கண்ணாடிக் குடுவைகள். வேலை இரண்டு. பனியன் கம்பெனிகள் கொடுக்கும் நிறத்துக்குக் கலவை பிடிப்பது. வந்து நிற்கும் தண்ணீர் லாரிகளைச் சோதிப்பது. குடுவையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவேன். உப்பு இருந்தால் தண்ணீர் வெள்ளையாகத் திரியும். ரொம்பத் திரிந்தால் லாரி அப்படியே திரும்பிப் போகும். அப்பாவுக்கு இதில் பெருமை தாளாது. வருகிறவர்களிடமெல்லாம், “எம்புள்ளை பார்த்துச் சரின்னு சொல்லாம ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதுங்க” என்பார்.

பட்டறைக் கேட்டுக்குள் இருந்த அந்த அதிகாரம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் மனையில் செல்லுபடியாகவில்லை.

அப்போது நாங்கள் ஒரு பழைய லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சமையலறை மேற்கூரையின் காரை எப்போது வேண்டுமானாலும் உதிரும். அம்மா எல்லாப் பாத்திரங்களையும் மூடி வைத்தே சமைப்பார். தாளிக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து, அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, கடுகைப் போட்டு உடனே மூடுவார். ரசத்தில் ஒருமுறை கைப்பிடியளவு காரை விழுந்த பிறகு வந்த பழக்கம் அது. மனை வாங்கிய அன்று என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு அம்மா சொன்னது இதுதான்: “எனக்குத் தூணு வேண்டாமுங்க, கதவுல யானை வேண்டாமுங்க. சட்டிய மூடாம சோறாக்கறாப்பல ஒரு ஊடு கட்டிக் குடுங்க, போதும்.”

தூணும் கட்டினார்கள், கதவில் யானையும் செதுக்கினார்கள்.

கட்டுமானத்தை நடத்தியவர் மாமா. அப்பாவின் அக்கா கணவர். பனியன் கம்பெனி வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் வீடு கட்டியவர் என்பது அவருடைய தகுதி. அந்த வீட்டில் குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் கூடத்துக்கு வரும். அதை யாரும் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமாவின் யோசனைகளை நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். தெருவிலிருந்து தெரிவது, தெரியாதது. வளைவு வைத்த போர்டிகோ, உருண்டைத் தூண்கள், தேக்குக் கதவு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சிமென்ட் பூச்சாடிகள் ஆகியவை தெரிவன. இவற்றுக்குக் காசு எப்போதும் இருந்தது. கம்பியின் தடிமன், செங்கல்லை ஊறப்போடும் தொட்டி, குழாய்களின் சாய்வு, சுவரை நனைக்க ஓர் ஆள் ஆகியவை தெரியாதன. இவற்றுக்கு வரும்போது, “பாத்துச் செலவு பண்ணோணுமுங்க” என்று மாமா அப்பாவுக்குச் சிக்கனம் கற்றுக் கொடுத்தார். பிறகு நான் பார்த்த எல்லா வீடுகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. வீட்டைக் கெடுப்பது எப்போதும் இரண்டாவது பட்டியல். அதைச் சரிசெய்ய ஆகும் செலவோ முதல் பட்டியலைவிடப் பெரிது.

ஒரே ஒரு தெரியாத விஷயத்தில் மட்டும் மாமா பிடிவாதமாக இருந்தார். மணல் கொமரலிங்கத்திலிருந்துதான் வர வேண்டும். பக்கத்தில் கிடைப்பதை விட்டுவிட்டு, அமராவதி ஆற்று மணலை அவ்வளவு தூரம் லாரி வாடகை கொடுத்து வரவழைத்தார். நல்ல மணல்தான், குறை சொல்ல முடியாது. ஆறு காலங்காலமாக உப்பு, மண் எல்லாம் போக அலசிக் கொடுத்த மணல். அதைக் கொண்டுவந்து கொட்டி, மனையில் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தார்கள்.

அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்த அன்று சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். ஒருவரும் குடித்துப் பார்க்கவில்லை. அம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டு ஓரமாகப் போய்த் துப்பினார். மறுநாள் நான் பட்டறையிலிருந்து குடுவையையும் மருந்தையும் எடுத்துவந்து, அப்பா, மாமா, மேஸ்திரி மூவர் முன்னாலும் இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் தயிர் போலத் திரிந்தது.

மாமா குனிந்து பார்த்தார். “மச்சான், நல்ல சகுனமுங்க. பால் காய்ச்சறதுக்கு முந்தியே பால் பொங்கிருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த உப்பு உள்ளே இருக்கும் கம்பியை அரிக்கும், கம்பி துருப்பிடித்துப் பருத்தால் காங்கிரீட் வெடித்து உதிரும் என்று நான் சொன்னேன். விடுதியில் என் அறைத்தோழி சிவில் படித்தாள். அவளுடைய புத்தகத்தில் படம் போட்டே இருந்தது. மேஸ்திரி தென்மாவட்டத்துக்காரர். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசினார். “கடலுக்குள்ளயே பாலம் கட்டி ரயில் விட்டுருக்கான். அது என்ன இளநித் தண்ணியா? பாப்பா புஸ்தகத்துல படிச்சத சொல்லுது.” பாலம் கடலில் நிற்கிறதே தவிரக் கடல் தண்ணீரில் குழைத்துக் கட்டப்படவில்லை என்றேன். அதற்கு அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மாலையில் அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். பட்டறைக்கு இந்தத் தண்ணீர் வந்திருந்தால் விட்டிருப்பீர்களா? ஒரு தூணுக்குச் செய்கிற வேலைப்பாட்டின் செலவில் லாரித் தண்ணீர் எத்தனையோ நடை வாங்கலாமே? அப்பா வாயடைத்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“கெட்டுப்போனா துணி திரும்பி வரும், கண்ணு. ஊடு திரும்பியா வரப்போகுது?”

இவ்வளவு தெளிவாக இந்த ஊரை எனக்கு வேறு யாரும் விளக்கியதில்லை. துணியைத் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்ப ஒருவன் இருக்கிறான், அதனால் அதற்கு நல்ல தண்ணீர். வீட்டைத் திருப்பி அனுப்ப ஆளில்லை. அதில் குடியிருக்கப்போகிறவர்கள் கணக்கில் வருவதில்லை.

அஸ்திவாரம், சுவர், ஜன்னல்களுக்கு மேலே போகும் லிண்டல் எல்லாம் அந்த உப்புத் தண்ணீரிலேயே எழுந்தன. பூசுவதற்கு முன்பே செங்கல் இணைப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மேஸ்திரி அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டார். எனக்கு மிஞ்சியது மேல்தளம் ஒன்றுதான். அது கெட்டால், நாலைந்து வருடத்தில் அம்மா மறுபடியும் அண்ணாந்து பார்த்துக் கடுகு போட வேண்டியிருக்கும்.

தளம் போடும் நாளைக்குத் தயாரிப்பு பலமாக நடந்தது. அன்று வேலைசெய்கிற எல்லோருக்கும் ஆட்டுக்கறிப் பிரியாணி போடுவது வழக்கம். எத்தனை ஆடு, தாராபுரம் சந்தையில் பிடிப்பதா, இங்கேயே வாங்குவதா என்று அப்பாவும் மாமாவும் ஒரு வாரம் பேசினார்கள். அந்தப் பேச்சில் நான் கம்பிக்கு அடியில் வைக்கும் சிமென்ட் வில்லைகளைப் பற்றிக் கேட்டேன். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அடியில் காங்கிரீட்டே இருக்காது. மாமா, “அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாருங்க, அம்மிணி” என்று சொல்லிவிட்டு மசாலாவுக்குப் போனார். வில்லைகளை நானே வார்த்து, முந்தின நாள் சென்ட்ரிங் பலகைமேல் ஏறி வைத்தேன்.

தண்ணீர் விஷயத்தை நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். முந்தின நாள் சாயங்காலம் மனைக்குப் போன அம்மா, தரைக்கடியில் கட்டியிருந்த சம்பில் பாசி பிடித்திருக்கிறது என்று சொல்லி, அதில் இருந்த போர்த் தண்ணீரை முழுக்க இறைத்துவிடச் செய்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். பிறகு மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். காலையில் பட்டறை வாசலுக்கு வந்த தண்ணீர் லாரியைச் சோதித்தேன். சொட்டு விட்டும் தண்ணீர் தெளிவாகவே நின்றது. மனைக்கு விடச் சொன்னேன்.

“பாய் திட்டமாட்டாருங்களா, அம்மிணி?” என்றார் டிரைவர்.

“என்னைத்தானுங்க திட்டுவாரு. நீங்க விடுங்க.”

மனையில் டீசல் மிக்சர் மெஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடாததற்கு மேஸ்திரி மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா, லாரியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பட்டறை லாரிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். கரண்ட் இல்லைங்க மாமா, அதனால் வரச் சொன்னேன் என்றேன். அந்தக் காரணம் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும் என்பது புரியாதவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்பது நன்றாகவே புரிகிறது. தளம் முழுக்க அந்தத் தண்ணீரில் போட்டோம். மிச்சத்தைச் சம்பிலேயே வைத்திருந்து, தளம் காய்ந்து வெடிக்காமல் இறுக மேலே பாத்தி கட்டித் தேக்கினோம்.

பட்டறையில் அன்று வெளிர் பச்சையில் ஒரு லாட் போட வேண்டியிருந்தது. லாரி வராததால் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பாய் சொன்னாராம். ஒரு நாள் தாமதமானால் கம்பெனிக்காரர் என்ன நினைப்பார் என்று அப்பா பதறினார். பிரியாணிக்கு முன்னால் பட்டறைக்கு ஒரு நடை போன மாமா, “உப்புப் போட்டுத்தானுங்க மச்சான் சாயமே ஏத்தறோம். போர்த் தண்ணியில உப்பு தானாவே இருக்குதல்ல, மிச்சம்தானுங்க” என்று தைரியம் கொடுத்திருக்கிறார். போர்த் தண்ணீரில் உப்போடு இன்னும் என்னென்னவோ இருக்கிறது என்று சொல்ல நான் அங்கே இல்லை, தளத்தின்மேல் நின்றிருந்தேன். இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்றே பட்டறைப் போர்த் தண்ணீரில் லாட்டைப் போட்டார்கள். துணி தேமல் விழுந்த தோல் மாதிரி வந்தது. கம்பெனி அத்தனையையும் திருப்பி அனுப்பியது. அப்பா சொன்னது சரிதான். கெட்டால் துணி திரும்பி வருகிறது. கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. மாமாவோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

குடிபுகுந்து இப்போது பல வருடங்கள் ஆகின்றன. சுவர்களின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உப்பி உதிர்கிறது. ஜன்னல்களுக்கு மேலே துருவின் கோடு வந்துவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா மேலே பெயின்ட் அடிக்கிறார். உப்பு பெயின்டையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. காற்றில் ஈரம் அதிகம் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டால் தெரியாது என்பது அவருடைய வைத்தியம். போர்டிகோவின் தூண்கள் நன்றாக இருக்கின்றன. அவை எதையும் தாங்கவில்லை.

மேல்தளத்திலிருந்து ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அம்மா எல்லாப் பாத்திரங்களையும் திறந்து வைத்துச் சமைக்கிறார். அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பாத்திர அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் தூள்தூளாகக் கொட்டிக் கழுவி வைத்த தட்டுகளில் படிந்தது. பரணில் கிடந்த அந்த வெளிர் பச்சைத் துணியில் ஒரு துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, அம்மா அந்தச் சுவர் முழுக்க மறைத்து ஆணியடித்துவிட்டார். ஈரத்துக்காக என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்கிறார்.

ஆணியடித்து முடித்து இறங்கியதும் அம்மா துணியை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். “இது திரும்பி வந்ததும் நல்லதாப் போச்சு” என்றார்.