மகளின் வாயைப் பொத்திய பதினொரு நாள்

முருகேசு பரமலிங்கம் 1943ஆம் ஆண்டு வைகாசி மாதம் அளவெட்டியில் பிறந்தார். குடியேற்றத் திட்டத்தில் தந்தையாருக்குக் காணி கிடைத்தபோது அவருக்குப் பத்து வயது. அன்று உருத்திரபுரத்துக்கு வந்தவர், பிறகு ஊர் மாறவில்லை. மேட்டுக்காணி இரண்டு ஏக்கர், வயல் மூன்று ஏக்கர். வயலுக்குக் குளத்துத் தண்ணீர் நாலாம் வாய்க்காலால் வரும். 1970இல் சிவனேஸ்வரியை மணந்தார். 1974 பங்குனி ஒன்பதாம் திகதி ஒரு பெண் பிள்ளை பிறந்தது. இராசமலர் என்று பெயர் வைத்தார்கள். அதன் பின் பிள்ளையில்லை. இராசமலர் எட்டாம் மாதத்தில் தவழ்ந்தாள், பதினான்காம் மாதத்தில் நடந்தாள். ஆறு வயது வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

இவ்வளவும் பத்திரங்களிலும் குறிப்புகளிலும் உள்ளவை. இனி வருபவை வீட்டாரும் அயலாரும் சொன்னவை. பெரும்பகுதி பரமலிங்கமே சொன்னது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்ப மாட்டாள். ஆனால் பரந்தன் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் இரைச்சல் மற்றவர்களுக்குக் கேட்க முன்னரே காதைப் பொத்துவாள். பால்மா ரின்னின் மூடியைச் சீமெந்து நிலத்தில் சுழல விட்டு, அது விழும்வரை பார்த்திருப்பாள். விழுந்ததும் மறுபடி சுழற்றுவாள். முகத்தைப் பார்க்கச் சொல்லித் தாடையைத் திருப்பினால் கண் மட்டும் வேறு பக்கம் போகும். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார்கள். அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள். முள்ளியவளையில் ஒரு பரிகாரியாரிடம் ஆறு மாதம் எண்ணெய் வாங்கினார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டதற்கு, மூன்றாம் நாள் ஆசிரியையே கையில் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

பரமலிங்கம் கெட்ட தகப்பன் அல்லர். குடியில்லை, அடியில்லை. பேச்சும் அதிகமில்லை. வயலால் வந்து கால் கழுவினால், விறாந்தையில் கதிரையைப் போட்டுப் பேப்பரை விரிப்பார். இருட்டும்வரை அதுதான் அவருடைய உலகம். இராசமலர் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நிற்பாள். நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவள் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

அவரைக் கதிரையிலிருந்து எழுப்பக்கூடிய குரல் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வரும். முறைக்கு முதல்நாள், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை தவராசா சைக்கிளில் வருவார். ஒவ்வோர் ஒழுங்கை முகப்பிலும் ஒரு காலை ஊன்றி, மணியை மூன்று தரம் அடித்து, ஒரே இழுவையில் அறிவிப்பார்.

“நாலாம் வாய்க்கால்! நாளைக்கு விடியத் தண்ணி! வாய்க்கால் வெட்டாத ஆக்கள் வெட்டுங்கோ!”

முறை தவறினால் அடுத்த தண்ணீர் பத்து நாளுக்குப் பிறகுதான். ஆகவே அந்தக் குரல் கேட்டால் பரமலிங்கம் சோற்றில் வைத்த கையையும் உதறிக்கொண்டு படலைக்கு ஓடுவார்.

1980ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு பின்னேரம், கதிரையில் இருந்தவருக்கு அந்தக் குரல் கேட்டது. பேப்பரை எறிந்துவிட்டுப் படலைக்குப் போனார். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. மறுபடி கேட்டது, முதுகுக்குப் பின்னால். இராசமலர் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி, நாக்கால் மூன்று தரம் மணியடித்து, தவராசாவின் இழுவை ஒரு முழமும் குறையாமல் அறிவித்துக்கொண்டு நின்றாள்.

குசினிக்குள்ளிருந்து சிவனேஸ்வரி அகப்பையோடு ஓடிவந்தார்.

“இஞ்சருங்கோ! பிள்ளை கதைக்குது! பிள்ளை கதைக்குதப்பா!”

பரமலிங்கம் மகளுக்கு முன்னால் குந்தியிருந்தார். “அப்பா எண்டு சொல்லு, பாப்பம். அப்… பா.”

“நாலாம் வாய்க்கால்! நாளைக்கு விடியத் தண்ணி!”

ஒரு கிழமை சீனி காட்டிச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அவள் சீனியையும் வாங்கவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவர் மனைவியிடம் தீர்ப்புச் சொன்னார்: “இது கதையில்லை. கிளி சொல்லுற மாதிரி.” அதோடு பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அந்த அறிவிப்புக்கு மறுமொழி சொன்னவர் ஒருவர் மட்டும் இருந்தார். நாலாம் வாய்க்காலின் கடைசிக் காணித் துண்டில் வீரபாகு குடும்பம் குடிசை போட்டிருந்தது. 1977 கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்கள். வீரபாகுவின் மனைவி அமராவதி, பரமலிங்கத்தின் தோட்டத்தில் மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்க வருவார். வேலிக்குள்ளிருந்து அறிவிப்புக் கேட்டதும் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கத்துவார்:

“சரிங்க விதானையாரே! மம்பட்டியோட வந்துட்டோமுங்க!”

பிள்ளை நுனிக்காலில் நின்று குதிப்பாள். திரும்பவும் அறிவிப்பாள்.

“ஏங்க விதானையாரே, கடைசித் துண்டுக்கு மட்டும் தண்ணி வரவே மாட்டேங்குதே, லஞ்சம் வாங்குறீங்களா?”

பிள்ளை முதலிலிருந்து மணியடிப்பாள். இப்படிப் பத்துத் தரம் நடக்கும். ஒருநாள் பரமலிங்கம் வரம்பில் நின்று அதைப் பார்த்தார்.

“அமராவதி, வேலையைப் பார். பிள்ளையைக் கோமாளியாக்காதை.”

“வெளையாட்டுதானுங்க ஐயா” என்றார் அமராவதி. அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? கூலிக்கு வந்த இடம்.

1982 சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் குறைந்து முறைகள் பிந்தின. ஆவணி மாதம் ஒரு மாலை இராசமலர் வேலியோரம் போய் நின்று முழுத் தொண்டையில் அறிவித்தாள். பக்கத்துக் காணியை முத்துலிங்கம் என்பவர் அந்த வருடம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். தவராசாவின் குரலை அறிந்தவர், பிள்ளையின் வித்தையை அறியாதவர். விடியப்புறம் நாலு ஆட்களை இறக்கி வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கி, வரம்பில் மத்தியானம்வரை காத்து நின்றார். வாய்க்காலில் தவளைதான் வந்தது.

அந்தக் கிழமை கமக்காரர் கூட்டத்தில் முத்துலிங்கம் எழுந்தார்.

“தலைவர், ஒரு விளக்கம் வேணும். எங்கட வாய்க்காலுக்கு விதானை ஒராளோ, ரெண்டாளோ? பரமலிங்கத்தார் வீட்டில சம்பளமில்லாத விதானை ஒண்டு வளர்க்கிறாராம்.”

கூட்டம் சிரித்தது. தவராசாவும் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு. இனி நான் லீவு போடலாம்.”

“பரமண்ணை, குளத்துத் துரிசுத் திறப்பையும் பிள்ளையிட்டக் குடுத்துவிடுங்கோவன்!” என்றது பின்வரிசை.

யாரும் வன்மத்தோடு சொல்லவில்லை என்பதைப் பரமலிங்கமும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அன்று அப்படித் தோன்றவில்லை. பேசாத பிள்ளை என்றால் இரக்கப்படுவார்கள்; அது அவருக்குப் பழகியிருந்தது. சிரிப்பு பழகவில்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தியபோது மகள் அறிவிக்கத் தொடங்கினாள். அவர் போய்த் தம் உள்ளங்கையை அவள் வாயில் வைத்து அழுத்தினார்.

சிவனேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீயும் வாயைப் பொத்து” என்றார் பரமலிங்கம். மனைவியை ‘நீர்’ என்று அழைப்பவர் அவர்.

அடிக்கவில்லை. உரத்துக்கூடப் பேசவில்லை. பதினொரு நாள் வயலுக்கு ஆளை விட்டுவிட்டு வீட்டிலிருந்தார். அவள் மணியடிக்க நாக்கை மடிக்கும்போதே கை போய்விடும். முதல் நாட்களில் கையைக் கடித்தாள். ஆறாம் நாள் கடிப்பதை விட்டாள். பதினோராம் நாள் உண்மையான தவராசா ஒழுங்கையில் மணியடித்தபோது, இராசமலர் தன் கையையே தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாத்தீரே, பிள்ளைக்கு விளங்கீட்டுது” என்று பரமலிங்கம் மனைவியிடம் சொன்னார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டார். அமராவதியை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

இரண்டரை வருடம் வீடு அமைதியாக இருந்தது. 1985 தையில் சிவனேஸ்வரியின் தமையன், யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெண் டொக்டர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வந்திருப்பதாக எழுதினார். ஆனையிறவில் இறங்கி ஆமிச் சோதனைக்கு வரிசையில் நின்று, மறுபடி பஸ் ஏறிப் போனார்கள். டொக்டர் அரை மணித்தியாலம் பிள்ளையோடு நிலத்தில் இருந்தார். பிறகு ஓர் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். சிவனேஸ்வரி அதை மருந்துத் துண்டின் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்: ஓட்டிசம்.

“பிள்ளை முந்தி எப்பவாவது கதைச்சவவோ?”

“சொந்தமா ஒண்டும் கதைக்கேல்லை டொக்டர். எங்கட வட்டவிதானை தண்ணிக்கு அறிவிக்கிறதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். நான் பழக்கி நிப்பாட்டிப் போட்டன்.” அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “எந்தெந்த நேரத்தில சொல்லுறவ?”

“நேரமெண்டில்லை. நினைச்ச நேரம்.”

“இல்லை” என்றார் சிவனேஸ்வரி. கணவனைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்தே சொன்னார். “இவர் வீட்டில நிக்கிற நேரந்தான் கூட. முதல்ல கதிரைக்குப் பக்கத்தில வந்து நிப்பாள். இவர் பேப்பரை விட்டு நிமிர மாட்டார். பிறகுதான் சொல்லுவாள். விதானையின்ர குரலுக்குத்தானே அப்பா எழும்பி ஓடுறவர். அதைப் பிள்ளை கண்டு வைச்சிருந்தவள்.”

பரமலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“உமக்கு இது தெரியுமே?”

“தெரியும். கூட்டத்தால வந்த அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். என்னையும் வாயைப் பொத்தச் சொன்னனீங்கள்.”

டொக்டர் குற்றம் சொல்லவில்லை. “அது உங்களைக் கூப்பிட அவவிட்ட இருந்த வழி. மறுமொழி சொல்லியிருந்தா அதிலயிருந்து வேற சொல்லு வந்திருக்கலாம். வராமலும் விட்டிருக்கலாம். இப்ப என்னால சொல்லேலாது.”

“இனி வருமோ?”

“தெரியேல்லை ஐயா. பக்கத்தில வந்து நிண்டா எழும்புங்கோ. குரல் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.”

ஊருக்கு வந்த மறுநாளே பரமலிங்கம் தவராசாவிடம் போனார். வளவுக்குள் வந்து, பிள்ளைக்கு முன்னால் நின்று, முன்புபோல அறிவிக்கும்படி கேட்டார். தவராசா காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அண்டைக்கு நானும் சிரிச்சனான்தானே அண்ணை” என்றபடி சைக்கிளை எடுத்தார். முற்றத்தில் ஒரு காலை ஊன்றி மணியை மூன்று தரம் அடித்தார். பத்து வயதுப் பிள்ளை, தகப்பனைப் பார்த்தபடி, தன் கையால் வாயை இறுகப் பொத்தினாள். “நாலாம் வாய்க்கால்” என்றதோடு தவராசாவின் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சொல்லாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிறகு பரமலிங்கம் கடைசித் துண்டுக்குப் போய், அமராவதியின் குடிசை வாசலில் நின்றார். அந்த வாசலுக்கு அவர் அதற்கு முன் போனதில்லை.

“நான் பிழை விட்டிட்டன், அமராவதி. நீர் வந்து பிள்ளையோட கதைக்க வேணும்.”

அமராவதி முதலில் அவருக்கு இருக்கச் சாக்கு விரித்தார். “எனக்குக் கோவமில்லீங்க ஐயா. வேலை போனதுகூடப் பெருசில்ல. ‘அந்தப் புள்ள உங்களைத்தாங்க கூப்புடுது’ன்னு அப்பவே சொல்ல நெனச்சேன். நீங்க சம்பளம் குடுக்கிறவங்க. எப்புடிச் சொல்றது?”

வந்தார். புதன்கிழமைதோறும் அமராவதி வேலை முடித்து வந்து, “விதானையாரே, சௌக்கியமா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்துவார். இராசமலர் ஓடிவந்து அவர் சேலைத் தலைப்பை மோந்து பார்ப்பாள். குரல் வரவில்லை. 1987 ஐப்பசியில் சண்டை மூண்டபோது வீரபாகு குடும்பம் வவுனியாப் பக்கம் போனது. தண்ணீர் முறையும் அந்த வருடம் குழம்பிப் போயிற்று. தவராசா அறிவிக்க வருவது நின்றது.

பரமலிங்கம் பேப்பர் வாசிப்பதை விட்டார். கதிரையை வீட்டு வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். மகள் பக்கத்தில் வந்தால் எழும்புவார். பத்துத் தரம் வந்தால் பத்துத் தரமும் எழும்புவார். முதல் வருடம் அவர் எழும்பியதும் அவள் விலகிப் போனாள். அவருடைய கையைக் கண்டு விலகினாள் என்று அவருக்குப் பட்டது. அதன் பின் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழும்பினார். 1988இல், பெரியபிள்ளையாகிச் சில மாதம் கழித்து, ஒரு காலை இராசமலர் பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகளைப் பிரித்து, மணிக்கட்டைப் பிடித்து வாய்க்கால்வரை கூட்டிப் போனாள். இருவரும் தண்ணீரில் கால் வைத்து இருந்தார்கள். அது பழக்கமாயிற்று. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை.

கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் உறவினர் கேட்பார்கள்: “பிள்ளை பிறவியிலயே ஊமையோ?”

“இல்லை. கதைச்சவள். நான்தான் நிப்பாட்டினனான்” என்பார் பரமலிங்கம்.

“ஏன் கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் இதைச் சொல்லுறியள்?” என்று சிவனேஸ்வரி ஒருமுறை கடிந்துகொண்டார்.

“கேக்கினம். பொய் சொல்லேலுமே?”

1989 மார்கழி முடிவில்: இராசமலர் பேசிய காலம் இரண்டு வருடம், இரண்டு மாதம். பேசாதிருந்த காலம், அதன் பின்னர், ஏழு வருடம், நான்கு மாதம்.